நாற்பத்தொன்றுக்கு ஒன்பது

"உன் தம்பிகிட்ட கேளு, பதினேழாம் நம்பர் ஸ்பேனர் அவன்கிட்ட இருக்கான்னு."

டிரைவர் ஜீப்பின் முன்பக்கத்தில் மல்லாந்து படுத்துக்கொண்டு கேட்டார். தம்பி பின்பக்கத்தில் மல்லாந்து படுத்திருந்தான். வெளியிலிருந்து பார்த்தால் முன்னால் ஒரு ஜோடிக் கால், பின்னால் ஒரு ஜோடிக் கால். உள்ளே இரண்டு தலைகளும் கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருந்தன. ஆனாலும் கேள்வி சமையலறை வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அவர் மனைவிக்குத்தான் வந்தது.

"டேய், பதினேழாம் நம்பர் இருக்கா?"

"இருக்கு. என் வேலை முடிஞ்சதும் தர்றேன்னு சொல்லு."

"அவன் வேலை முடிஞ்சதும் தருவானாம்."

"எப்ப முடியுமாம்? மழைக்காலம் முடிஞ்சப்புறமா?"

இதை அவள் தம்பியிடம் சொல்லவில்லை. சொல்லாவிட்டாலும் அவன் காதில் விழுந்துவிட்டது என்பது, வண்டிக்கு அடியிலிருந்து இரும்பில் இரும்பு மோதி வந்த சத்தத்திலேயே தெரிந்தது.

மூன்று வருடமாக இப்படித்தான். ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில், நாலு பேர் கேட்க, "எங்க மாமா கிளட்சைத் தின்னுட்டுக் கியரைத் திட்டுற ஆளு" என்று தம்பி விளையாட்டாகச் சொல்லிவிட்டான். பந்தி முழுக்கச் சிரித்தது. டிரைவர் இலையிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்துபோனார். இருபது வருடம் ஸ்டியரிங் பிடித்தவரைப் பற்றி அவருடைய மச்சானே அப்படிச் சொன்னால் கோபம் வராதா என்ன? வரும். ஆனால் கோபத்துக்கும் ஒரு அளவு உண்டு. தம்பியாவது வாயைத் திறந்து ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டிருக்கலாம். "உண்மையைத்தானே சொன்னேன்" என்று அவனும் முறுக்கிக்கொண்டான். வருவதையும் போவதையும் மட்டும் விடவில்லை. வருவான், சாப்பிடுவான், வண்டியைப் பார்ப்பான், மாமாவோடு மட்டும் பேசமாட்டான். இரண்டு பேருக்கும் நடுவில் தந்திக் கம்பியாக நின்று அவளுக்குத் தொண்டை வற்றியதுதான் மிச்சம்.

இந்தத் தடவை வண்டியைப் பிரித்தது அவளுக்காக. மலைமேல் பெரிய தண்ணீர்த் தொட்டி கட்டுகிறார்கள். அறுபது பேர் வேலை செய்கிறார்கள். இத்தனை நாளும் யார் யாருடைய அடுப்படியிலோ நின்று கரண்டி பிடித்தவளுக்கு, முதல் தடவையாகத் தன் பெயரில் ஒரு சமையல் கிடைத்திருக்கிறது. ஒரே ஒரு நிபந்தனைதான் மேஸ்திரி சொன்னார். "மத்தியானச் சங்கு ஊதும்போது சாப்பாடு மேல இருக்கணும்மா. சூடா இருக்கணும். ஆளுங்க பசியோட கம்பி கட்டமாட்டாங்க."

வண்டிதான் வீட்டிலேயே இருக்கிறதே என்று அவள் தைரியமாகத் தலையாட்டிவிட்டாள். அந்த ஜீப்புக்கு வயது அவளுடைய கல்யாணத்தைவிட அதிகம். போன வருடம் டிரைவர் ஆசைப்பட்டு அதற்குப் பெரிய டயர்களாகப் போட்டிருந்தார். பார்க்க வண்டி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றது. ஏற்றத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் வண்டவாளம் தெரிந்தது. காலி வண்டியே முதல் கியரில் முக்கியது. அறுபது பேர் சாப்பாட்டை ஏற்றினால் வழியிலேயே உட்கார்ந்துவிடும்.

தம்பி வந்து ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு அக்காவிடம் சொன்னான். "எஞ்சின்ல ஒண்ணும் இல்லக்கா. டயரு பெரிசாயிடுச்சு, பல்லு அப்படியே இருக்கு. அச்சு நடுவுல உருண்டையா இருக்கு பாரு, அதுக்குள்ள ஒரு பெரிய பல்சக்கரம், அதைத் திருப்புற ஒரு சின்னப் பல்சக்கரம். பெரிசு கிரவுன், சின்னது பினியன். இந்த ஜோடியை மாத்தணும். வேகம் குறையும், இழுவை கூடும். முன்னாடியும் மாத்தணும், பின்னாடியும் மாத்தணும். ரெண்டும் ஒரே கணக்கா இருக்கணும். இல்லேன்னா நாலு சக்கரத்துக்கும் கியரைப் போட்டா முன்சக்கரம் ஒரு வேகத்துல போவும், பின்சக்கரம் ஒரு வேகத்துல போவும். ஒண்ணோட ஒண்ணு மல்லுக்கட்டும்."

"உங்க ரெண்டு பேரு மாதிரி," என்றாள்.

அவன் சிரிக்கவில்லை.

வேலை ஆரம்பித்தபோதே பாகப்பிரிவினையும் நடந்துவிட்டது. பின்பக்கம் தம்பியுடையது. "என் வண்டி முன்னாடியை வேற எவனும் தொடவேண்டாம்னு சொல்லிடு" என்று டிரைவர் முன்பக்கத்தை எடுத்துக்கொண்டார். லாரி ஓட்டிய காலத்தில் நடுக்காட்டில் தானே பிரித்துப் பூட்டியவர்தான். வேலை தெரியாதவர் இல்லை. ஆனால் ஒருவர் செய்ததை மற்றவர் எட்டிப் பார்ப்பதுகூட கௌரவக் குறைச்சல் என்று இரண்டு பேரும் நினைத்தார்கள்.

பின்பக்கத்துக்குப் புதுசாகவே ஒரு ஜோடி கிடைத்தது. தம்பி அதைப் பூட்டுகிற அழகை அவள் வாசலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பல்லில் மஞ்சள் பெயிண்ட்டைத் தடவிக் கையால் சுற்றுவான். பல்லும் பல்லும் எங்கே உரசுகிறது என்று பெயிண்ட் அழிந்த இடத்தைக் குனிந்து பார்ப்பான். உச்சுக் கொட்டுவான். எல்லாவற்றையும் கழற்றி, காகிதக் கனத்தில் ஒரு தகட்டு வளையத்தைச் செருகுவான். மறுபடி பூட்டுவான். மறுபடி பெயிண்ட். மறுபடி உச்சு. ஒரு தடவை எல்லாம் சரி என்று ஓட்டிப் பார்த்தால் பின்னாலிருந்து ஊளைச் சத்தம் வந்தது. இறக்கினான். அடுத்த தடவை ஊளை இல்லை, எண்ணெய் ஒழுகியது. அதற்கும் இறக்கினான்.

"உன் தம்பிகிட்ட சொல்லு, கழட்டுறதுக்குத் தனியா பட்டம் குடுக்கறாங்களாம்."

"அவர்கிட்ட சொல்லுக்கா, கழட்டிப் பாக்காம ஓட்டினாத்தான் கிளட்சு போவும்."

"ஐயா சாமிகளா, எனக்குத் திங்கட்கிழமை சமையல்!" என்று அவள் கத்தினாள். வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது. முற்றத்துச் சேறு வீட்டுக்குள் வந்தது, கிரீஸ் துணி அவளுடைய பாத்திரம் துடைக்கிற துணியோடு கலந்தது, டிரைவர் அவளுடைய பெரிய எவர்சில்வர் தட்டை எடுத்துப்போய் நட்டுப் போட்டு வைத்திருந்தார். மண்ணெண்ணெய் வாடையில் பருப்பு வெந்ததா என்று முகர்ந்து பார்க்கக்கூட முடியவில்லை. அழுகை வருகிற மாதிரி இருந்தது. அழுவதற்குக் கையில் வெங்காயமும் இருந்ததால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

முன்பக்கத்துக்கு டிரைவர் பழைய இரும்புக் கடையில் வாங்குவதாக ஏற்பாடு. அவர் சட்டையை மாட்டிக்கொள்ள உள்ளே போனதைப் பார்த்ததும் தம்பி வண்டிக்கு அடியிலிருந்து தலையை நீட்டினான்.

"அக்கா, கிரவுன் நாற்பத்தொண்ணு, பினியன் ஒன்பதுன்னு சொல்லு. பழைய கடையில உருண்டையா பூட்டினதைத்தான் குடுப்பான். கிரவுன் பல்லு வெளிய தெரியும், எண்ணிடலாம். பினியன் உள்ள மறைஞ்சிருக்கும். நாற்பத்தொண்ணுக்குப் பத்துப் பல்லு போட்டதும் இருக்கு, அது நமக்கு ஆவாது. கிரவுனை மட்டும் எண்ணிட்டு வந்துடப் போறாரு. பினியனைச் சுத்திப் பாக்கச் சொல்லு. கிரவுன் ஒரு சுத்து வரதுக்குள்ள பினியன் நாலரைக்குக் கொஞ்சம் மேல வரணும்."

அந்த நேரம் பார்த்து அடுப்பில் வைத்திருந்தது அடிபிடித்துவிட்டது. அவள் ஓடிப்போய் இறக்கினாள், விரலைச் சுட்டுக்கொண்டாள், திரும்பி வந்தாள். டிரைவர் கிளம்பிக் கேட்டருகில் வந்து நின்றிருந்தார்.

"என்ன சொல்றான் துரை?"

அவளுக்குத் தலைக்கு ஏறியது. சுட்ட விரலை வாயில் வைத்துக்கொண்டே சொன்னாள். "கிரவுன் நாற்பத்தொண்ணாம். இன்னும் இருக்கு. அதை அவன்கிட்டயே கேட்டுக்குங்க. பத்தடியில படுத்திருக்கான். நான் இனிமே ஒரு வார்த்தை சொல்லமாட்டேன்."

டிரைவர் வண்டியைப் பார்த்தார். வண்டிக்கு அடியில் தம்பியின் சுத்தியல் சத்தம் நின்றிருந்தது. கேட்டால் சொல்லலாம் என்று அவன் காத்திருந்தான். கேட்காமல் சொல்ல அவனுக்கு மட்டும் மனசு வந்துவிடுமா? டிரைவர் கேட்டைத் திறந்துகொண்டு போய்விட்டார். சுத்தியல் சத்தம் மறுபடி ஆரம்பித்தது. தான் செய்தது சரிதான் என்று அவளுக்குத் தோன்றியது. கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

சாயங்காலம் டிரைவர் ஒரு ஆட்டோவில் இரும்பு உருண்டையைக் கொண்டுவந்து இறக்கினார். "நாற்பத்தொண்ணு. ரெண்டு தடவை எண்ணினேன்" என்று பொதுவாகக் காற்றில் சொன்னார். தம்பி ஏதோ கேட்க வாயெடுத்து, மூடிக்கொண்டான். மறுநாளே முன்பக்கம் பூட்டியாகிவிட்டது. ஊளை இல்லை, ஒழுகல் இல்லை. டிரைவர் மூன்று நாளாக மஞ்சள் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தவனை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுக் குளிக்கப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை வெறும் பின்சக்கரத்திலேயே ஓட்டிப் பார்த்தார்கள். வண்டி சும்மா சொல்லக்கூடாது, இழுத்த இழுப்பில் கேட்டையே பெயர்த்துக்கொண்டு போய்விடும் போலிருந்தது. டிரைவர் இறங்கி, "பரவாயில்லைன்னு சொல்லு" என்றார். அவள் சொல்லவில்லை. சொன்ன சபதத்தில் அவளும் உறுதியாக இருந்தாள்.

"நாலு சக்கரமும் போட்டுப் பாத்துடணும்," என்றான் தம்பி, பார்வையைச் சுவர் மேல் வைத்துக்கொண்டு.

"காஞ்ச சமதரையில நாலு சக்கரம் போட்டா ஜாயிண்ட் போயிடும். டிரைவிங் தெரிஞ்சவனுக்குத் தெரியும்," என்றார் டிரைவர், சுவரின் இன்னொரு மூலையைப் பார்த்துக்கொண்டு.

அதுவும் நியாயமான பேச்சுதான். அதனால் நாலு சக்கரமும் போட்டுப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமைக்கு முந்தின இரவு மழை கொட்டித் தீர்த்திருந்தது. காலையில் வெளுத்த வெயில். சாதம் ஒரு பெரிய அண்டாவில், பருப்பு ஒரு தூக்கில், காய் ஒரு தூக்கில். எல்லாவற்றையும் சாக்குச் சுற்றி வண்டியின் பின்னால் வைத்து, அண்டாவைக் கட்டிப்பிடித்தபடி அவள் உட்கார்ந்தாள். முன்னால் டிரைவர். பக்கத்தில் தம்பி. இடையில் கியர்க் கம்பிகள்.

அடிவாரத்திலிருந்து முதல் வளைவுகள் சிரமமில்லாமல் கழிந்தன. அப்புறம் சேறு. பின்சக்கரங்கள் இரண்டும் இருந்த இடத்திலேயே சுற்றிக் குழி பறித்தன. டிரைவர் வண்டியை நிறுத்தி, நாலு சக்கரத்துக்குமான கம்பியை இழுத்துப் போட்டார். வண்டி ஒரு உலுக்கு உலுக்கிக்கொண்டு சேற்றிலிருந்து வெளியே வந்தது.

"பாத்தியா!" என்றார் டிரைவர் பின்னால் திரும்பி.

அவளும் பார்த்தாள். வண்டி போகிற விதம் அவளுக்குப் பிடிக்கவில்லை. ஏறுகிறது, ஆனால் யாரோ பின்னால் கயிறு கட்டி இழுக்கிற மாதிரி ஏறுகிறது. சேறு முடிந்து வெறும் பாறை ஆரம்பித்ததும் அடியிலிருந்து டங்கென்று ஒரு சத்தம் வந்தது. ஸ்டியரிங் டிரைவரின் கையைத் தட்டிவிட்டுத் தானாகத் திரும்பியது. அண்டா அவள் முழங்காலில் இடித்தது. இன்னொரு டங். டயர் பாறையில் கிறீச்சிட்டது. எஞ்சின் நின்றேபோனது.

டிரைவர் கம்பியைத் தள்ளிப் பார்த்தார். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார். காலால் உதைத்தார். கம்பி நாலு சக்கரத்திலேயே இறுகிக்கொண்டு அசைய மறுத்தது.

தம்பி இறங்கினான். சக்கரங்களுக்குக் கல் வைத்தான். முன்சக்கரம் ஒன்றுக்கு ஜாக்கி கொடுத்துத் தூக்கினான். டயர் தரையை விட்டதும், அடைத்துவைத்த கோபம் வெளியே வந்த மாதிரி தானாகப் பட்டென்று கால் சுற்று சுற்றி நின்றது. அதோடு கம்பியும் விடுபட்டது. தம்பி டயரில் ஒரு சுண்ணாம்புக் கோடு போட்டான், அச்சுக்குப் போகிற தண்டில் ஒரு கோடு போட்டான். "ஒரு சக்கரம் மட்டும் தூக்கியிருந்தா, கிரவுன் ஒரு சுத்து வர டயரை ரெண்டு சுத்து சுத்தணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு டயரை இரண்டு சுற்றுச் சுற்றினான். தண்டு நாலு சுற்றுச் சுற்றி, ஒரு துளி கூடுதலாக வந்து நின்றது. நாலரை வரவேயில்லை.

சேற்றுக் கையோடு எழுந்து நின்றான். சுவரைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்க்கவில்லை.

"மாமா, உங்களுக்குப் பல்லு எண்ணத் தெரியுமா, தெரியாதா?"

டிரைவர் வண்டியிலிருந்து குதித்தார். "என்னடா சொன்னே? நாற்பத்தொண்ணு! ரெண்டு தடவை எண்ணினேன்!"

"கிரவுனு நாற்பத்தொண்ணு. பினியன் எத்தனை?"

"பினியன்..."

"பத்து! பத்துப் பல்லை வாங்கிப் பூட்டியிருக்கீங்க! பின்னாடி ஒன்பது!"

"அதை ஏன்டா நீ முன்னாடியே சொல்லல?"

"நீங்க ஏன் கேக்கல?"

"நீ சொல்லியிருக்கணும்டா! மெக்கானிக்கு நீயா நானா?"

"முன்னாடியை எவனும் தொடக்கூடாதுன்னது யாரு?"

"பந்தியில என் மானத்தை வாங்கினவன் தொட்டா பின்ன நான் கையக் கட்டிட்டு நிப்பனா?"

"அதுக்கு மூணு வருஷமா மாமா?"

"மூணு வருஷமா நீ ஒரு வார்த்தை கேட்டியாடா? மச்சான்னு உன்னைத் தோள்ல தூக்கி வளத்தேனேடா!"

மலைச்சரிவு முழுக்க எதிரொலித்தது. அவள் அண்டாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். பேசிக்கொள்கிறார்கள். இவ்வளவு நாள் எந்தச் சாமியைக் கும்பிட்டாளோ அந்தச் சாமி கண் திறந்துவிட்டது. திறக்கிற நேரத்தைப் பார். மேலே சங்கு ஊதுவதற்கு அதிக நேரம் இல்லை.

திடீரென்று தம்பி கத்துவதை நிறுத்தினான். "நான் அக்காகிட்ட சொன்னேனே. நாற்பத்தொண்ணுக்கு ஒன்பது, சுத்திப் பாக்கணும், எல்லாம் சொன்னேன்."

டிரைவரும் திரும்பினார். "ஆமா, கிரவுனு மட்டும்தான் சொன்னா."

"அக்கா, ஏன்க்கா முழுசா சொல்லல?"

"அதானே! அரைகுறையா சொன்னா மனுஷன் என்னதான் பண்ணுவான்? நீ சொல்லு மச்சான்."

"அவ சொல்லியிருந்தா இது நடந்திருக்காது மாமா."

இரண்டு பேரும் தோளோடு தோள் நின்று, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார்கள். அவளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அடுத்து வந்த கோபத்தில் கண் இருண்டது. கரண்டியை எடுத்து இரண்டு பேர் தலையிலும் ஆளுக்கொன்று போட்டால் என்ன என்று நிஜமாகவே நினைத்தாள். போடவில்லை. மேலே இன்னும் சேறும் பாறையுமாகத்தான் வழி; பின்சக்கரம் மட்டும் போட்டால் புதையும், நாலும் போட்டால் மறுபடி இறுகும். அறுபது பேர் பசியோடு இருக்கிறார்கள்; சாதம் ஆறிக்கொண்டிருக்கிறது.

"இறக்குங்க," என்றாள்.

"எதை?"

"அண்டாவை. ரெண்டு பக்கமும் வளையம் இருக்கு. ஆளுக்கொரு பக்கம் பிடிங்க."

"இந்த ஏத்தத்துலயா? எனக்கு முழங்கால்..."

"எனக்கும் முழங்கால்தான். இவ்வளவு நேரம் அண்டா அதுலதான் இடிச்சுது. தூக்குங்க."

இரண்டு தூக்குகளையும் இரண்டு கையில் எடுத்துக்கொண்டு அவள் முன்னால் நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. பின்னாலிருந்து மூச்சு வாங்குகிற சத்தமும் கல் சரிகிற சத்தமும் வந்தன. "மச்சான், இந்தப் பக்கம் தாழ்த்து, சரியுது." "மாமா, பாறையில கால் வைக்காதீங்க, வழுக்கும்." "டேய், ஓடாதே, நான் என்ன உன் வயசா?" "நீங்க நின்னு நின்னு வந்தா எனக்குக் கை போவுது." அண்டா ஒரு பக்கம் சாய்ந்தால் தம்பி கத்தினான், தம்பி கத்தினால் டிரைவர் திட்டினார். ஒரு வார்த்தைகூட அவள் வழியாகப் போகவில்லை.

அவர்கள் கடைசி வளைவில் இருக்கும்போதே மேலே சங்கு ஊதிவிட்டது. போய்ச் சேர்ந்தபோது ஆட்கள் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேர் பையிலிருந்த ரொட்டியைக் கடிக்க ஆரம்பித்திருந்தார்கள். மேஸ்திரி கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை; பார்த்திருந்தால்கூடத் தேவலை என்று அவளுக்கு இருந்தது. மூடியைத் திறந்ததும் லேசாக ஆவி வந்தது. அவள் பரிமாறினாள். யாரும் குறை சொல்லவில்லை, இரண்டாம் தடவையும் வாங்கிக்கொண்டார்கள். அண்டா சுரண்டும்வரை காலியானது.

மேஸ்திரி கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "சாப்பாடு நல்லா இருக்கும்மா. அதுல பேச்சே இல்ல. ராத்திரி மழை பெஞ்சுதுன்னு இன்னைக்கு விட்டுட்டேன். நாளைக்குச் சங்குக்கு முன்னாடி வரலைன்னா வேற ஆளைப் பாக்கறதைத் தவிர எனக்கு வழி இல்ல."

"வந்துடும்," என்றாள்.

கொஞ்சம் தள்ளி, கம்பிக் குவியல் மேல் மாமனும் மச்சானும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். டிரைவர் ஒரு பீடியைப் பாதிவரை இழுத்துவிட்டு மச்சானிடம் நீட்டினார். தம்பி குச்சியால் மண்ணில் பல்சக்கரம் வரைந்து, ஒன்பது பல் உருண்டை எந்தக் கடையில் கிடைக்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தான். "அவன் பழசைப் புதுசுன்னு விப்பான் மச்சான்." "அப்ப ரெண்டு பேரும் போவோம் மாமா, நான் சுத்திப் பாக்கறேன்." எத்தனை சுவாரஸ்யமான பேச்சு! நடுவில் அவள் வந்து நின்றதையே கவனிக்கவில்லை.

"நாளைக்கு வண்டி மேல ஏறுமா?" என்றாள்.

இரண்டு பேரும் நிமிர்ந்தார்கள்.

"ஏறாது," என்றார்கள், ஒரே குரலில்.

மூன்று வருடம் கழித்து இரண்டு பேரும் சேர்ந்து சொன்ன முதல் பதில். அது இதுவாகவா இருக்க வேண்டும் என்று அவளுக்கு வயிறு எரிந்தது. இவர்கள் பேசவேண்டும் என்று எத்தனை நாள் தூங்காமல் கிடந்திருக்கிறாள். பேசிவிட்டார்கள். மிச்சமிருப்பது அவளும், ஒரு காலி அண்டாவும், நாளைக்கு ஊதப்போகிற சங்கும்.

"சரி. உருண்டை கிடைக்கிறவரைக்கும் வண்டி பாறைவரைக்கும் வரட்டும். அதுக்கு மேல நீங்க ரெண்டு பேரும்தான்."

டிரைவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்கிற நிலையில் அவர் இல்லை. பீடிப் புகையைத் தரையைப் பார்த்து விட்டுவிட்டு, பக்கத்தில் இருந்தவனை முழங்கையால் இடித்தார்.

"மச்சான், உன் அக்காகிட்ட சொல்லு. அண்டா ரொம்ப கனம்னு."

தம்பி அக்காவைப் பார்த்தான். வாயைத் திறந்தான். அவள் அவனை முந்திக்கொண்டாள்.

"உன் மாமாகிட்ட சொல்லு," என்றாள், "கனமா இருந்தா ரெண்டு பேரும் கை மாத்திக்கலாம்னு."

சொல்லிவிட்டு, தூக்குகள் இரண்டையும் எடுத்துக்கொண்டு இறங்க ஆரம்பித்தாள். அண்டாவை விட்டுவிட்டு.